கல்வட்டத்துக்குள் சூலம்: பழைய ஈமக்காடுகளின் பிற்கால வாழ்க்கை

கேள்வி கேட்டவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக்காரர். அயர்லாந்தில் நௌத் என்ற இடத்தில் இருக்கும் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான புதைமேட்டின் மேல் பிற்காலத்தில் ஒரு ஊரே இருந்தது என்று எங்கேயோ படித்திருக்கிறார். அவர் கேட்பது மூன்று. நம் பக்கத்துக் கல்வட்டங்களிலும், அதாவது பழைய ஈமக்குழிகளைச் சுற்றிப் பாறைத் துண்டுகளை வட்டமாக வைத்த சின்னங்களிலும், இப்படிப் பின்னால் வந்தவர்கள் புகுந்திருக்கிறார்களா? எது முதலில் கட்டியவர்கள் செய்தது, எது பின்னால் வந்தவர்கள் செய்தது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? தன் ஊர் ஏரிக்குப் பக்கத்து மேட்டில் ஒரு கல்வட்டத்துக்குள் சூலம் நட்டுக் கும்பிடுகிறார்களே, அதை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டாமா?

மூன்றாவது கேள்விக்கான பதில் முதல் இரண்டில்தான் இருக்கிறது. அதனால் நௌத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நௌத் மேடு பாயின் ஆற்றங்கரையில், சுமார் கி.மு. 3200-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. பெரிய மண்-கல் மேடு, அடியில் சுற்றிலும் செதுக்கிய கற்கள், உள்ளே கிழக்கிலிருந்து ஒன்றும் மேற்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு நீண்ட கல் பாதைகள், அவற்றின் முடிவில் ஈம அறைகள். கட்டியவர்களின் காலம் போன பிறகு, இரும்புக் காலத்தில் மேட்டைச் சுற்றி வேறு மக்கள் தங்கள் இறந்தோரைப் புதைத்தார்கள். அதில் ஒரு குழியில் தலை வெட்டப்பட்ட இரண்டு ஆண்கள் ஒன்றாகக் கிடந்தார்கள், பக்கத்தில் பகடைகளும் ஆட்டக் காய்களும். இன்னும் சில நூற்றாண்டு கழித்து அந்த வட்டாரத்துச் சிற்றரசர்கள் மேட்டைச் சுற்றி அகழி வெட்டி அதைத் தங்கள் கோட்டையாக ஆக்கிக்கொண்டார்கள். 10ஆம் நூற்றாண்டு வாக்கில் மேட்டின் மேலேயே வீடுகளும் நிலவறைகளும் வந்தன. யாரோ பழைய ஈமப் பாதைக்குள் நுழைந்து கற்களில் தங்கள் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் இடம் கிறித்தவத் துறவிகளின் பண்ணை நிலமானது, பிறகு நார்மன்கள் வந்தார்கள்.

இதையெல்லாம் நாம் இன்று வரிசையாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஜார்ஜ் இயோகன் என்ற அகழாய்வாளரின் பொறுமை. அவர் 1962-ல் வேலையைத் தொடங்கினார். மேற்குப் பாதையைக் கண்டது 1967-ல், கிழக்குப் பாதையை 1968-ல். நடுவில் இருந்த வருடங்களில் அவருக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி அவர் தேடி வந்த கற்காலத்தைச் சேர்ந்ததே அல்ல. அகழியும் வீட்டுத் தரையும் நிலவறையும்தான். அவற்றை வழியில் கிடக்கும் குப்பையாக நினைத்து வாரிப் போட்டிருந்தால் நௌத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இல்லாமலே போயிருக்கும். நம் ஊருக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பொறுமையைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

சரி, நம் பக்கம் வருவோம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் இருப்பவை உயரமான மேடுகள் அல்ல. தரைக்குக் கொஞ்சம் மேலே எழும் கற்குவை, அதைச் சுற்றிப் பாறைத் துண்டுகளால் ஒரு வட்டம், அடியில் தாழியோ (இறந்தோருக்கான பெரிய பானை) ஈமப்பேழையோ (கால் வைத்த சுடுமண் தொட்டி) கற்பதுக்கையோ (பலகைக் கற்களால் தரைக்குள் அமைத்த பெட்டி). இவற்றின் மேல் கோட்டை கட்ட இடமில்லை. ஆகவே நௌத்தில் நடந்த அதே விதத்தில் இங்கே நடக்கவில்லை. ஆனால் மறுபயன்பாடு நடந்திருக்கிறது. அது வேறு வேறு உருவத்தில் இருப்பதால் கண்ணில் படாமல் போகிறது.

முதல் வகை, கட்டிய மக்களே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. பல கற்பதுக்கைகளில் ஒரு பக்கத்துப் பலகைக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். துளை எதற்கு என்பதற்கு உயிர் போய்வர என்று ஒரு விளக்கம் உண்டு. நடைமுறையில் பார்த்தால் மூடுகல்லைத் தூக்காமல் மறுபடி உள்ளே எலும்பையும் சிறு கலங்களையும் வைக்க அது வசதியான வழி. ஒரே பதுக்கையில் ஒருவருக்கு மேற்பட்டவரின் எலும்புகள் கிடைப்பது அரிதல்ல. முழு உடலை வைக்காமல், முதலில் வேறிடத்தில் விட்டுப் பிறகு எலும்பை மட்டும் சேர்த்து வைப்பதும் வழக்கமாக இருந்தது. அப்படியானால் பத்து வருடம் கழித்து வைத்த எலும்பு பயன்பாடா, மறுபயன்பாடா? நூறு வருடம் கழித்து வைத்தது? கோடு எங்கே என்று யாராலும் கறாராகச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் காதை, சுடுவோர், இடுவோர் (வெறுமனே போட்டுவிடுவோர்), தொடுகுழிப் படுப்போர் (தோண்டிய குழியில் புதைப்போர்), தாழ்வயின் அடைப்போர் (பள்ளத்தில் வைத்து அடைப்போர்), தாழியில் கவிப்போர் (தாழியால் மூடுவோர்) என்று ஐந்து வகையாரையும் ஒரே நகரத்துச் சுடுகாட்டில் ஒன்றாக நிறுத்துகிறது. ஆகவே ஒரு ஈமக்காட்டில் தாழி ஒரு பக்கமும் பதுக்கை ஒரு பக்கமும் இருந்தால், ஒன்று பழசு மற்றது பிற்காலத்தது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. வடிவம் வேறாக இருப்பதால் மட்டும் காலம் வேறாகிவிடாது.

இரண்டாவது வகை, முற்றிலும் வேறு மக்கள் பழைய ஈமச்சின்னத்தைத் தங்கள் இறந்தோருக்காக எடுத்துக்கொள்வது. இதற்கு நல்ல சான்று நீலகிரியில் இருக்கிறது. அங்கே இருளரும் குறும்பரும் தங்களில் ஒருவர் இறந்தால், ஆற்றில் உருண்டு வழவழப்பான நீளக் கல் ஒன்றைக் கொண்டுவந்து, மலையில் இருக்கும் பழைய கற்திட்டைக்குள் (பலகைக் கற்களைத் தரைக்கு மேல் நிறுத்தி மூடிய ஈம அறை) வைக்கும் வழக்கம் உடையவர்கள் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சில திட்டைகள் மூடுகல் தொடும் வரை இந்தக் கற்களால் நிரம்பிக் கிடந்தனவாம். தலைமுறை தலைமுறையாக வைத்தால்தான் அவ்வளவு சேரும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் அந்தத் திட்டையை ‘சுத்தம்’ செய்து பழைய பானை ஓட்டைத் தேடினால், ஆற்றுக் கற்கள் வெளியே போய்விழும். ஒவ்வொரு கல்லும் ஒரு மனிதருக்காக வைத்தது. பழைய ஓட்டைவிட அது எந்த விதத்தில் குறைந்த சான்று?

மூன்றாவது வகைதான் சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது, இடத்தையே மறுபடி மறுபடி எடுத்துக்கொள்வது. பல்லாவரத்தைப் பாருங்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கற்காலக் கருவியை எடுத்தார். இந்தியத் தொல்லியலில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது அந்தக் கல்லில். அதே பல்லாவரத்தில் 1880களில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டார். அப்புறம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மலையில் ஒரு குடைவரை வெட்டித் தன் பட்டப்பெயர்களை அதில் பொறித்து வைத்தான். அந்தக் குடைவரை பிற்காலத்தில் தர்காவானது. பிரிட்டிஷ்காரர்கள் வந்து அடிவாரத்தைக் கன்டோன்மென்ட் ஆக்கினார்கள். இன்று ஒரு பக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் மின்சார ரயில்.

இந்த மலைக் கல்லைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கம்பெனி அதிகாரியின் சமாதியில் இருக்கும் கல், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்தில் கிடைக்கும் அதே வகைப் பாறை. அதைக் கண்ட புவியியலாளர் ஹாலண்ட், சார்னக்கின் பெயரை வைத்தே அந்தப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். ஈமக்காட்டு மலையின் கல் இன்னொரு ஊரில் இன்னொரு சமாதிக்குப் போயிருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. பல்லாவரத்தில் ஈமப்பேழை வைத்தவர்களுக்கும் குடைவரை வெட்டியவர்களுக்கும் நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. மகேந்திரன் பழைய ஈமக்காட்டின் புனிதத்தை அறிந்துதான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தான் என்று சிலர் ஆசையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குச் சான்று எதுவும் இல்லை. குன்று, நல்ல பாறை, வெள்ளம் ஏறாத மேடு, அடியில் தண்ணீர்: இந்த நான்கும் இருந்தால் எந்தக் காலத்து மனிதனும் அங்கே வருவான். நினைவு தொடர்ந்து வந்ததால் நடந்த மறுபயன்பாடு வேறு, வசதிக்காக நடந்தது வேறு. நௌத்திலும் இதே கேள்வி உண்டு. மேடு உயரமாக இருந்ததால் அரசர்கள் வந்தார்களா, பழைய முன்னோர் மேடு என்பதால் வந்தார்களா? இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஏரி விஷயமும் இப்படித்தான். செங்கல்பட்டுப் பக்கத்தில் கல்வட்டங்கள் பெரும்பாலும் உழ முடியாத கல் மேட்டில், ஏரிக்குச் சற்று மேலே இருக்கும். இதை வைத்து, கல்வட்டம் எழுப்பியவர்களே ஏரியையும் வெட்டினார்கள் என்று எழுதுவது உண்டு. இருக்கலாம். ஆனால் கரையையோ மதகையோ தனியாக ஆய்ந்து காலம் சொல்லாதவரை, பக்கத்தில் இருப்பது மட்டுமே ஆதாரமாகாது. கல்வட்டம் இருந்த சரிவின் அடியில் ஆயிரம் வருடம் கழித்து இன்னொருவர் கரை போட்டிருக்கலாம். அப்போது கரைக்குக் கல் தேவைப்பட்டிருந்தால் எங்கேயிருந்து எடுத்திருப்பார்? வட்டத்தில் இரண்டு கல் குறைந்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதும் ஒரு மறுபயன்பாடுதான்.

இவ்வளவு நடந்தும், பிற்காலத்தவர்களுக்கு இது சமாதி என்ற நினைவே பல இடங்களில் இல்லை. பாண்டவர்கள் தங்கிய இடம் என்பார்கள், குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள். தாழியைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரே கதை: அந்தக் காலத்தில் ஆட்களுக்குச் சாவு வராது, வயதாகி ஆகிச் சுருங்கிப் போவார்கள், பார்த்துக்கொள்ள முடியாமல் சாப்பாட்டோடு தாழியில் வைத்துவிடுவார்கள். இந்தக் கதையைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். ஏதோ ஒரு தலைமுறையில் யாரோ தாழியைத் திறந்து, உள்ளே எலும்பையும் சிறு கலங்களையும் பார்த்து, அதற்கு ஒரு விளக்கம் தேடியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

இனி இரண்டாவது கேள்வி. எப்படிப் பிரிக்கிறார்கள்?

வட்டமான சின்னத்தை நான்கு கால்பகுதியாகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தோண்டி, நடுவில் குறுக்குச் சுவர்களை விட்டுவைப்பது நல்ல முறை. அந்த மண் சுவர்தான் சாட்சி. அதைக் கரண்டியால் வழித்து நேராக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் காலையில் பார்க்க வேண்டும். கல்லும் சரளையும் இறுகிக் கிடக்கும் அடுக்கு ஒரே நிறமாக ஓடும். திடீரென்று ஓரிடத்தில் மேலிருந்து கீழே ஒரு வளைவு தெரியும். வளைவுக்குள் மண் கொஞ்சம் கருத்து, பொலபொலவென்று இருக்கும். கரண்டி முனையால் தொட்டாலே உதிரும். சிறு கற்கள் படிந்து கிடக்காமல் கண்டபடி நிற்கும். யாரோ பிற்காலத்தில் தோண்டி மூடிய குழி அது. அது எந்த அடுக்கின் மேற்பரப்பிலிருந்து வெட்டப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முக்கிய வேலை. குழியின் அடி கற்பதுக்கையைத் தொட்டிருந்தாலும், அதன் வாய் தொடங்கும் அடுக்குதான் அதன் காலத்தைச் சொல்லும்.

அடுத்தது, குழிக்குள் கிடக்கும் பொருள்களில் எது கடைசிக் காலத்தது என்று பார்ப்பது. ஒரு பேச்சுக்கு, குழி மண்ணில் ஈமச்சின்னம் கட்டியவர்கள் காலத்துக் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் நிறையவும் அடியில் ஒரே ஒரு சோழர் செப்புக்காசும் இருந்தால், குழி சோழர் காலத்துக்கு முந்தையதாக இருக்கவே முடியாது. ஓடு எவ்வளவு அதிகம் இருந்தாலும் அது தோண்டும்போது கலைந்த பழைய மண்ணோடு வந்தது. ஆனால் இதில் எலிக்கும் மர வேருக்கும் பெரிய பங்கு உண்டு. எலி வளை வழியாக மேலே கிடந்த மணியோ காசோ அடியில் போய்ச் சேரும். அதனால் ஒற்றைப் பொருளை வைத்து யாராவது பெரிய முடிவு சொன்னால், அந்தப் பொருளைச் சுற்றி மண் எப்படி இருந்தது என்று கேளுங்கள். படத்தில் பொருள் மட்டும் இருந்து மண் இல்லை என்றால் நம்புவதற்கு முன் யோசியுங்கள்.

அறிவியல் கணிப்புகளும் உண்டு. கரிமக் கணிப்பு ஒரு உயிர்ப்பொருள் செத்த காலத்தைச் சொல்லும், அது அங்கே வந்து சேர்ந்த காலத்தை அல்ல. பழைய மரத்தின் உள்வயிரக் கரியை எடுத்தால் சமாதியைவிடப் பழைய காலம் வரும். அதனால்தான் ஓராண்டுப் பயிரான தானியம் கிடைத்தால் எல்லோரும் மகிழ்கிறோம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் வந்ததை 2021 செப்டம்பரில் அரசு அறிவித்தபோது அவ்வளவு கவனம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணின் மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று கணிக்கும் ஒளிக் கணிப்பும் இருக்கிறது. பிற்காலக் குழி விஷயத்தில் அது மிகவும் உதவும், ஏனென்றால் தோண்டும்போது மண் வெளிச்சத்துக்கு வந்து போகிறது. எலும்பைத்தான் நம் பக்கத்தில் அதிகம் நம்ப முடியாது. பல இடங்களில் மண்ணின் தன்மையால் எலும்பு பொடியாகிவிடுகிறது.

நம் வட்டாரத்தில் நல்ல அகழாய்வுகள் நடக்காமல் இல்லை. 1950களில் சாணூர், அமிர்தமங்கலம், குன்னத்தூர் எல்லாம் தொல்லியல் துறை முறையாகத் தோண்டிய இடங்கள். ஆனால் அன்றைய கேள்விகள் வேறு: கட்டியவர்கள் யார், எந்தக் காலம், இரும்பு எங்கிருந்து வந்தது. சின்னத்தின் பிற்கால வாழ்க்கையை யாரும் முதன்மையாகக் கேட்கவில்லை. அதற்கு முந்தைய 19ஆம் நூற்றாண்டுத் தோண்டல்களிலோ பெரும்பாலும் நோக்கமே பானையும் இரும்பும் எடுப்பதுதான், மேல் மண் வெறும் தடை. ஆகவே இங்கே மறுபயன்பாட்டுச் சான்று குறைவாகத் தெரிவதற்கு, அது குறைவாக நடந்தது மட்டும் காரணமல்ல. நாம் குறைவாகப் பார்த்தோம்.

இப்போது சூலத்துக்கு வருகிறேன். நண்பரே, அதை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுக்காதீர்கள். அந்தச் சூலம் உங்கள் கல்வட்டத்தின் கடைசி அத்தியாயம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அந்த வட்டம் இருந்தால், 2010 சட்டத் திருத்தப்படி சுற்றிலும் 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். துறையின் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் இப்படிப் பாதுகாக்கப்பட்ட ஈமக்காடுகள் பல உண்டு. அந்த எல்லைக்குள் யாராவது சிமென்ட் மேடை போட்டு, டைல்ஸ் ஒட்டி, கூரைக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தால் அப்போது தயங்காமல் சொல்லுங்கள். தரையில் ஊன்றிய சூலமும் மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமும் சின்னத்துக்குச் செய்யும் சேதம் மிகக் குறைவு. மனை போடுகிறவர் ஜேசிபி கொண்டுவந்து ஒரு மணி நேரத்தில் செய்வதோடு அதை வைத்துப் பேசவே முடியாது. சாமி இருக்கும் கல் என்பதால் மட்டுமே பெயர்க்கப்படாமல் நிற்கும் வட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சாமி இல்லாத வட்டங்கள் காம்பவுண்டுச் சுவராகிவிட்டன.

புகாருக்குப் பதிலாக நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. பூசை செய்கிறவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சூலத்தை யார் நட்டார், எந்தக் குடும்பம், எந்த மாதம் பொங்கல் வைக்கிறார்கள், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று தாத்தா பாட்டி சொன்னார்கள் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். வட்டத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒரு படத்திலாவது அளவுக்கு ஒரு மீட்டர் குச்சி வையுங்கள். போனில் இடக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லையும் நகர்த்தாதீர்கள், தரையில் கிடக்கும் ஓட்டை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். இந்தக் குறிப்பை எழும்பூர் ஹால்ஸ் சாலையில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் மத்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பக்கத்தில் யாராவது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது தாழி வந்தால், வேலையை நிறுத்திவிட்டு முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லச் சொல்லுங்கள். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்கடியில் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தாழியைத் திறந்து பார்க்கும் ஆசைதான் பெரிய ஆபத்து. உள்ளே தங்கம் இருக்காது. மண்ணும் சிறு கலங்களும் துருப்பிடித்த இரும்பும்தான் இருக்கும், அவை இருந்த நிலை கலைந்துவிட்டால் திரும்ப வராது.

ஈமப்பேழை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நீளத் தொட்டி போன்ற உடல், அடியில் வரிசையாகக் குட்டையான கால்கள். கடப்பைப் பக்கம் சங்கவரத்தில் கிடைத்த விலங்கு உருவப் பேழையையும் கேட்டுப் பாருங்கள். ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் அங்கேதான் இருக்கின்றன. முடிந்தால் பூசாரியையும் கூட அழைத்துப் போங்கள். தான் கும்பிடும் வட்டத்துக்கு அடியில் என்ன இருக்கக்கூடும் என்று அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.